கண்காட்சிக்கு மாட்டைத் தயார் செய்தல்: கால் மயிரும் நிறமும்

கால்நடைக் கண்காட்சி வேடிக்கைக்காக நடத்தப்படுவதன்று. நல்ல மாடு இன்னது என்பதைப் பலர் ஒரே இடத்தில் கண்ணாரக் கண்டு தெரிந்துகொள்வதே அதன் பிரயோஜனம். பரிசு பெறும் மாடு ஒன்றேயாயினும், அதைப் பார்த்து இலட்சணம் கற்றுக்கொண்டு வீடு திரும்புவோர் பலராவர். அவர்களுள் சிலர் அடுத்த மாதமே கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்று, தாம் கண்ட இலட்சணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் புறப்படுவர். ஆகையால் பரிசுக் களத்தில் நிற்கும் மாடு தன் உண்மையான உருவத்தோடு நிற்க வேண்டுவது அவசியமாகிறது.

ஆயினும், சேறும் சாணமும் அப்பிய மாட்டை அப்படியே ஓட்டிவந்து நிறுத்துவதும் முறையன்று. கழுவித் தேய்த்து, மயிரை ஒழுங்குபடுத்தி நிறுத்துதல் எல்லா நாடுகளிலும் உள்ள வழக்கம். எதுவரை செய்வது சிங்காரிப்பு, எதற்குமேல் செய்வது வஞ்சனை என்ற கேள்வி இங்கே எழுகிறது. சேறு முதலில் படுவதும் காலில்தான். இனத்தின் அடையாளம் தெரிவதும் காலில்தான். சாயம் பூசும் கை முதலில் செல்வதும் காலுக்குத்தான். ஆகவே கால் மயிரையும் அதன் நிறத்தையும் முதலாகக் கொண்டு இவ்விஷயம் இங்கே விளக்கப்படுகிறது.

1. மயிர் சொல்லும் சாட்சி

மாட்டின் மயிர் வெறும் போர்வையன்று. அது மாட்டின் உடல்நிலையை வெளியே எடுத்துச் சொல்லும் சாட்சியாகும். நல்ல தீனி உண்டு, ஜீரணம் சரியாக நடைபெறும் மாட்டின் மயிர் படிந்து, மினுமினுப்பாக இருக்கும். குடற்புழு உள்ள மாட்டின் மயிர் சிலிர்த்து, முரடாகி, எண்ணெய்ப் பசையற்றுத் தோன்றும். உண்ணியும் பேனும் பற்றிய மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்வதால் மயிர் திட்டுத்திட்டாக உதிரும். படர்தாமரை பற்றினால் வட்டவட்டமாக மயிர் கொட்டி, சாம்பல் நிறப் பொருக்குத் தோன்றும். இந்நோய் மாட்டிலிருந்து மனிதருக்கும், விசேஷமாகக் குழந்தைகளுக்கும், தொற்றக் கூடியது.

நிறம் மங்குவதற்கும் காரணம் உண்டு. தாமிரச் சத்துக் குறைந்த மாட்டில் கறுப்பு மயிர் செம்பழுப்பாகவோ சாம்பலாகவோ வெளுத்துப் போகும். கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி அணிந்தாற்போல வெளிர் வளையம் தோன்றுவதும் உண்டு. வெயிலில் அதிகம் நிற்பதாலும் கறுப்பு மயிர் சற்றுச் சிவந்து போகலாம். ஆகையால் வெளுத்த மயிரைக் கண்டவுடன் மருந்து கொடுக்கத் தொடங்காமல், கால்நடை வைத்தியரிடம் காட்டித் தெளிவு பெற வேண்டும். மயில்துத்தம் தாமிரம் அடங்கியதுதானே என்று எண்ணித் தாமே அளவின்றிக் கொடுப்பது மாட்டைக் கொல்லவும் கூடும்.

புண் ஆறிய இடத்தில் முளைக்கும் மயிர் பல சமயங்களில் வெள்ளையாக முளைக்கிறது. மயிரை உண்டாக்கும் வேருக்கு நிறம் கொடுக்கும் அணுக்கள் அழிந்துபோவதே இதற்குக் காரணம். நுகத்தடி உராய்ந்த கழுத்திலும், இடறி விழுந்த எருதின் முழங்காலிலும் இத்தகைய வெள்ளைத் திட்டைக் காணலாம். சிவப்பு மாட்டிலும் கறுப்பு மாட்டிலும் இது நன்றாகத் தெரியும்.

கோமாரி நோய் கண்டு பிழைத்த மாடுகள் சிலவற்றில் வேறொரு மாறுதல் தோன்றுகிறது. மயிர் நீண்டு அடர்ந்து வளரும். வெயில் ஏறினால் மாடு மூச்சு வாங்கும். நிழலையும் நீரையும் தேடி ஓடும். வெப்பத்தைத் தாங்கும் சக்தி குறைந்துவிட்ட இத்தகைய மாடு கடற்கரைப் பக்கத்துக் கோடையில் மிகவும் துன்பப்படும். இதற்கு முதல் அடையாளம் மயிரே.

எனவே மயிரைச் சுத்தம் செய்வது சாட்சியைத் தெளிவாகப் பேசச் செய்வதாகும். மயிருக்குச் சாயம் பூசுவது சாட்சியின் வாயைக் கட்டுவதாகும். பின்வரும் விதிகள் யாவும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்தே பிறப்பன.

2. காலின் நிறம் இனத்தின் அடையாளம்

தென்னிந்திய மாட்டினங்கள் பலவற்றில் காலின் நிறம் குறிப்பிடத்தக்க அடையாளமாக உள்ளது. காங்கேயம் பசுக்கள் பெரும்பாலும் வெள்ளையாகவோ மயிலையாகவோ இருக்கும். நான்கு கால்களிலும் முழங்காலின்மீதும், குளம்புக்கு மேலுள்ள கணுவுக்குச் சற்று மேலும் கருமை படிந்திருக்கும். காளைகளில் தலை, கழுத்து, திமில், முன்பாகம், பின்பாகம் ஆகியவை கருத்துக் காணப்படும். கன்றோ பிறக்கும்போது செவலையாகப் பிறந்து, ஏறக்குறைய ஆறு மாதத்தில் மயிலை நிறம் அடைகிறது. செவலையும் காரியுமான காங்கேயம் மாடுகளும் உண்டு.

தஞ்சை, நாகப்பட்டினம் பகுதிகளின் உம்பளச்சேரி மாடு இதற்கு நேர்மாறானது. உடல் மயிலையாகவும் கருமயிலையாகவும் இருக்க, கால்களின் கீழ்ப்பாகம் காலுறை அணிந்தாற்போல வெண்மையாக இருக்கும். அதன் கன்று செவலையாகவோ பழுப்பாகவோ பிறந்தாலும் முகத்திலும் காலிலும் வாலிலும் உள்ள வெள்ளைக் குறி பிறவியிலேயே காணப்படும். சேறு நிறைந்த நஞ்சை உழவுக்கு ஏற்ற இம்மாட்டை விவசாயிகள் காலைப் பார்த்தே அடையாளம் சொல்வர்.

வடக்கே நெல்லூர், ஓங்கோல் பக்கத்து மாடு வெண்மையானது. அதன் காளைகளுக்குத் தலையிலும் கழுத்திலும் திமிலிலும் சாம்பற்கருமை படிவதோடு, சிலவற்றுக்கு முழங்காலிலும் கணுவின் கீழும் கறுப்புப் புள்ளி உண்டு.

காளையின் கருமைக்குக் காரணம் அதன் ஆண்மைச் சுரப்பு. கன்று காளையாக முதிர்ச்சி அடையுங்கால் கருமை ஏறுகிறது. காயடித்த எருதில் அது குறைந்து மயிலையாகவே நிற்கிறது. ஆகவே பொலிகாளையின் கழுத்திலும் காலிலும் உள்ள கருமை அதன் முதிர்ச்சிக்கு ஓர் அடையாளம். இளங்காளைக்குக் கரியைப் பூசி முதிர்ந்த பொலிகாளையெனக் காட்டினால், ஏமாறுவது கண்காட்சியின் நடுவர் மட்டுமல்லர். அதைப் பொலிக்கு வாங்கும் கிராமம் முழுவதும் ஏமாறும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். காலின் நிறம் இனத்தைச் சொல்லுமேயன்றி, பலத்தையோ பாலையோ சொல்லாது. முழங்காலில் கறுப்புச் சற்றுக் குறைந்த காங்கேயம் எருது அதனால் ஏர் இழுப்பதில் குறைந்துவிடாது. செங்கற்பட்டு ஜில்லாவில் காணப்படும் கலப்பினப் பசுக்களுக்கு நிற இலட்சணம் என்று வற்புறுத்துவதற்கு ஏதுமில்லை. அவற்றை மடியும் காலும் வயிறும் கொண்டே மதிக்க வேண்டும்.

3. மேல்நாட்டார் கால் மயிரை ஒழுங்கு செய்யும் முறை

இங்கிலாந்தில் ஸ்மித்பீல்டு சங்கம் 1798-ஆம் வருஷத்தில் தோன்றியது. அந்நாட்டு ராஜாங்க விவசாய சங்கத்தின் முதற் கண்காட்சி 1839-இல் ஆக்ஸ்போர்டு நகரில் நடைபெற்றது. பரிசும் புகழும் சேர்ந்தபோது மாட்டைச் சிங்காரிப்பதும் ஒரு தனிக் கலையாக வளர்ந்தது.

இன்று அமெரிக்காவில் இறைச்சிக்காக வளர்க்கப்படும் மாடுகளைக் கண்காட்சிக்குத் தயார் செய்வோர் கால் மயிருக்கென்றே பல மாதங்கள் உழைக்கின்றனர். குளிர்நாட்டு மாடுகளுக்கு மயிர் நீளமாக வளரும். அதை நாள்தோறும் கழுவி, காற்றூதும் இயந்திரத்தால் உலர்த்தி, மேல்நோக்கி வாரிப் பழக்குவர். கண்காட்சி அன்று பசை தெளித்துக் கால் மயிரை நிமிர்த்தி நிறுத்தி, கத்தரித்துச் சீர் செய்வர். இதனால் மெலிந்த கால் பருத்ததாகவும், வளைந்த கால் நேரானதாகவும் தோன்றும். பசையினால் மயிர் வெளிறித் தெரிந்தால், மாட்டின் நிறத்துக்கு இணையான வர்ணத்தை அவ்விடத்தில் தெளித்துச் சமன் செய்வர். காட்சி முடிந்தபின் எண்ணெய் கலந்த திரவத்தால் யாவற்றையும் கழுவி நீக்குவர்.

இது அங்கும் விவாதத்திற்கு உரிய விஷயமாகவே உள்ளது. சில கண்காட்சிகளில் பசையும் வர்ணமும் அனுமதிக்கப்படுகின்றன. வேறு சிலவற்றில் மயிர் ஒட்டுவதும் இயற்கை நிறத்தை மாற்றுவதும் விலக்கப்பட்டுள்ளன. கழுவி வாரிய மாட்டை மட்டும் ஏற்கும் போட்டிகளும் உண்டு. பழகிய நடுவர் கண்ணை மட்டும் நம்பாமல் கையால் காலைத் தடவிப் பார்ப்பது இதனாலேயே.

இந்நாட்டு மாடுகளுக்கு இக்கலை வேண்டியதில்லை. அவற்றின் மயிர் குட்டையானது, தோலோடு படிந்தது. வெண்மயிர் வெயிலைத் திருப்பி எறிய, அதன் கீழுள்ள கருந்தோல் சூரிய கிரணத்தின் தீங்கைத் தடுக்கிறது. உஷ்ண தேசத்துக்கு இதுவே தக்க உடை. நீண்ட மயிரை வளர்க்க முயல்வது மாட்டுக்குச் சித்திரை மாதத்தில் கம்பளி போர்த்துவது போலாகும்.

4. முறையான தயாரிப்பு

கண்காட்சிக்கு மூன்று மாதம் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். முதல்நாள் இரவில் தேய்க்கும் எண்ணெய் மூன்று மாதத் தீனி தரும் மினுமினுப்பைத் தராது.

(அ) தீனி. பசுந்தீவனம், வைக்கோல், பிண்ணாக்கு, தவிடு இவற்றைத் திட்டமாகக் கொடுக்க வேண்டும். வளர்ந்த மாடொன்றுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 50 கிராம் வரை தாது உப்புக் கலவை கொடுப்பது நலம். வைக்கோலையே முக்கியத் தீனியாகக் கொண்ட மாடுகளுக்கு இது மிகவும் அவசியம். குடற்புழு நீக்க மருந்தை வைத்தியரின் ஆலோசனைப்படி ஆரம்பத்திலேயே கொடுத்துவிட வேண்டும்.

(ஆ) தடுப்பூசி. பல கிராமத்து மாடுகள் ஒரே மைதானத்தில் கூடும்போது கோமாரி பரவ இடமுண்டு. ஆகையால் தடுப்பூசியை நன்கு முன்னதாகவே போட்டு, அதன் பதிவைக் கையில் வைத்திருக்க வேண்டும். கண்காட்சியிலிருந்து திரும்பிய மாட்டை இரண்டு மூன்று வாரம் தனியே கட்டிவைத்துக் கவனிப்பது விவேகம்.

(இ) பழக்கம். கயிற்றில் அமைதியாக நடக்கவும், அந்நியர் காலைத் தொட்டால் உதைக்காமல் நிற்கவும் மாட்டைப் பழக்க வேண்டும். நாள்தோறும் கால்மணி நேரம் போதும். மூக்கணாங்கயிற்றை வெட்டி இழுத்து நடத்தும் மாடு களத்தில் மிரண்டு நிற்கும்.

(ஈ) குளம்பு. வளர்ந்த குளம்பைக் கண்காட்சிக்கு ஒரு மாதம் முன்பே பழகியவரைக் கொண்டு செதுக்க வேண்டும். கடைசி நாளில் செதுக்கினால் மாடு நொண்டக் கூடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் சேற்றில் நிற்கும் மாடுகளுக்குக் குளம்பிடுக்கில் புண் தோன்றுவதால், நாள்தோறும் கழுவி, துடைத்து, உலர்ந்த தரையில் கட்ட வேண்டும்.

(உ) கழுவுதல். வெயில் ஏறும் வேளையில், மாடு மாலைக்குள் நன்றாக உலரும்படி கழுவ வேண்டும். சீயக்காயோ மென்மையான சவுக்காரமோ போதும். மாமல்லபுரம், கோவளம், சதுரங்கப்பட்டினம் முதலிய கடற்கரையோரக் கிராமங்களில் உவர் நீரில் மாட்டைக் குளிப்பாட்ட நேர்ந்தால், கடைசியில் நன்னீர் ஊற்றி அலச வேண்டும். உப்பு மயிரில் உலர்ந்து படிந்தால் பளபளப்பு மறையும்; தோலும் அரிக்கும்.

(ஊ) கால் மயிர். பின்காலின் முட்டியிலும் தொடையிலும் சாணமும் மூத்திரமும் பட்டு மஞ்சட்கறை படிவது வழக்கம். காய்ந்த சாணத்தைப் பிய்த்து எடுத்தால் மயிரும் உடன் வரும். வெந்நீரில் நனைத்த சாக்குத் துண்டைச் சிறிது நேரம் சுற்றிவைத்து, ஊறியபின் தேங்காய் நாரால் மேலிருந்து கீழாகத் தேய்க்க வேண்டும். ஒரே நாளில் போகாத கறை ஒரு வாரத்தில் போகும். தரையில் புது வைக்கோல் பரப்பி வைத்தால் கறை மீண்டும் படியாது. முழங்காலில் மயிர் தேய்ந்து காய்ப்பு ஏறியிருந்தால், காரணம் கரடுமுரடான கல் தரையாகும். அதற்குப் பரிகாரம் தரையை மாற்றுவதே. உலர்ந்த பின் வைக்கோற் பிரியால் மயிரின் போக்கிலேயே தேய்த்து, சுத்தமான துணியால் துடைத்தால் இனத்துக்குரிய கருமையும் வெண்மையும் தாமாகவே எடுத்துக் காட்டும்.

(எ) கத்தரித்தல். வால் நுனியில் சிக்குண்ட மயிரையும், காதோரத்து நீண்ட மயிரையும், மடியின் மீதுள்ள மயிரையும் சீர் செய்யலாம். மடி மயிரைக் குறைப்பது பால் சுத்தத்திற்கும் உதவும். ஒரு மாட்டுக்குப் பயன்படுத்திய நாரையும் தூரிகையையும் சுத்தம் செய்யாமல் மற்றொரு மாட்டுக்குப் பயன்படுத்தலாகாது. படர்தாமரை அவ்வழியாகவே பரவும்.

5. செய்யத்தகாதவை

விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்து முழங்காலில் பூசுதல், நரைத்த மயிருக்கு மனிதர் பூசும் மயிர்ச்சாயம் இடுதல், காவியோ செம்மண்ணோ தேய்த்துச் சிவப்பைக் கூட்டுதல் ஆகியவை விலக்கற்பாலன. மயிர்ச்சாயங்களில் உள்ள ரசாயனங்கள் தோலைப் புண்ணாக்க வல்லன. மாடோ தன் காலை நாவால் நக்கும் இயல்புடையது.

இயந்திரங்களில் எடுத்துக் கழித்த பழைய எண்ணெயைப் பளபளப்புக்காகத் தடவுவது பெருங்கேடு. அதில் ஈயம் முதலிய நஞ்சு கலந்திருக்கலாம். ஈய நஞ்சு மாட்டைக் குருடாக்கும், வலிப்புண்டாக்கும், உயிரையும் வாங்கும். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் தீட்டுவது மரியாதைக்குரிய வழக்கமாயினும், பழைய டப்பாவில் கிடக்கும் இரும்புக் கதவு வர்ணத்தை அதற்கு எடுக்கலாகாது. வீட்டு வர்ணங்களில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாதென இந்தியாவில் 2016-இல் விதி செய்யப்பட்டது. அதற்கு முந்திய வர்ணங்களை நம்புவதற்கில்லை.

மடி பெரிதாகத் தோன்றுவதற்காக இரண்டு வேளை கறக்காமல் நிறுத்துவதும் மேற்சொன்ன வகையைச் சேர்ந்ததே. பசு வேதனைப்படுவதோடு மடிநோய்க்கும் இடமுண்டாகிறது.

சுழி விஷயமும் இங்கே குறிப்பிடத்தக்கது. ராஜசுழி, கோபுரச்சுழி, தாமணிச்சுழி முதலியவை நல்லன என்றும், பாடைச்சுழி, துடைப்பச்சுழி, விலங்குச்சுழி முதலியவை தீயன என்றும் மாட்டுத் தரகர்கள் விலையை ஏற்றி இறக்குவது சந்தைகளில் நெடுநாளைய வழக்கம். தீயதெனப்படும் சுழியை மறைக்க மயிரைக் கத்தரிப்பதும், பசையிட்டுப் படியவைப்பதும் உண்டு. சுழி என்பது மயிர் முளைக்கும் திசை. கன்று தாய் வயிற்றில் இருக்கும்போதே அமைவது. அது பாலைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது. உடையவனைச் சிறைக்கு அனுப்பவும் மாட்டாது. நெற்றிச் சுழி கண்மட்டத்துக்கு மேலே அமைந்த மாடுகள் கட்டி நிறுத்தும்போது சற்று அதிகமாக மிரளுகின்றன என்று அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் முதலியோர் 1995-இல் வெளியிட்ட ஆராய்ச்சி கூறுகிறது. இது குணத்தைப் பற்றியதேயன்றி, அதிர்ஷ்டத்தைப் பற்றியதன்று. சுழியின் பொருட்டு நல்ல மாட்டைத் தள்ளுவோர் இல்லாவிடில், சுழியை மறைப்போரும் இரார்.

6. சங்கத்தின் நஷ்டம்

ஒருவர் ஏமாந்தால் அது அவர் பாடு என்று அங்கத்தினர்கள் இருந்துவிடலாகாது. திருப்போரூர்ப் பக்கத்து அங்கத்தினர் ஒருவர் மாசி மாதத்தில் சங்கக் கடனைக் கொண்டு கலப்பினக் கறவை ஒன்றை வாங்குவதாகக் கொள்க. விற்பவர் பசுவின் மயிரை ஒட்டக் கத்தரித்து, வெளுத்த கால்களுக்குச் சாயமும் இட்டு, பார்வைக்கு அழகாக நிறுத்தியிருக்கிறார். காலை வேளையில் எட்டு லிட்டர் பால் கறந்தும் காட்டுகிறார். சித்திரை பிறந்ததும் மயிர் நீண்டு வளர்கிறது. பசு வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது, தீனியைத் தள்ளுகிறது. எட்டு லிட்டர் ஐந்தாகிறது. அது முன்பு கோமாரி கண்டு பிழைத்த பசு என்பது அப்போதுதான் விளங்குகிறது. நாளொன்றுக்கு மூன்று லிட்டர் குறைவெனில், 200 நாளில் 600 லிட்டர் குறைகிறது. கடன் தவணையோ ஒரு லிட்டரும் குறைவதில்லை. தவணை தவறினால் ஜாமீன் நின்ற அண்டை வீட்டாரிடம் சங்கம் கேட்க வேண்டியதாகிறது. சாயம் பூசியவர் எந்த ஊரில் இருக்கிறாரோ தெரியாது.

சென்னை மாகாணத்தின் முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904-இல் அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் பதிவாயிற்று. திரூர் இன்று திருவள்ளூர் ஜில்லாவில் உள்ளது. 1904-ஆம் வருஷச் சட்டப்படி கிராமக் கடன் சங்கங்கள் பொதுவாக அளவற்ற பொறுப்புடையனவாக அமைக்கப்பட்டன. அதாவது சங்கத்தின் கடனுக்கு ஒவ்வோர் அங்கத்தினரும் தம் சொத்து முழுவதாலும் பொறுப்பாளி. பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப்பட்ட மாட்டை வாங்குகிறார் என்று பார்ப்பது அந்நாளில் ஒவ்வொருவருக்கும் சொந்த வேலையாயிருந்தது. பின்னர் சட்டங்கள் மாறினபோதிலும் அப்பழக்கம் மறையலாகாது.

7. மாடு வாங்குவோர் செய்யவேண்டிய சோதனை

முதலாவது, உருவத்தைப் பார்த்தல். மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்தில், பல்லவர் காலத்துச் சிற்பி பாறையில் செதுக்கிய பசு ஒன்றுண்டு. ஆயன் பால் கறக்க, அப்பசு தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. அக்கல்லில் இன்று மயிலையும் இல்லை, செவலையும் இல்லை. ஆயினும் பார்ப்போர் அதை நல்ல பசுவென்றே சொல்வர். உடற்கட்டும் அமைதியும் அப்படிச் சொல்லச் செய்கின்றன. வாங்குவோர் தம் முன் நிற்கும் மாட்டையும் முதலில் நிறமற்றதாக எண்ணிப் பார்க்க வேண்டும். முதுகு நேரா, கால்கள் செங்குத்தாக ஊன்றுகின்றனவா, மடி நான்கு பாகமும் ஒத்திருக்கிறதா என்பதே முதற் கேள்வி.

இரண்டாவது, நடத்திப் பார்த்தல். மென்மணலில் நொண்டாத மாடு கட்டாந்தரையில் நொண்டலாம். இரண்டிலும் நடத்த வேண்டும். எருதாயின் நுகத்தில் பூட்டிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, கையால் தடவுதல். முழங்கால், கணு, கழுத்து இவ்விடங்களில் மயிரைப் பிரித்துத் தோலைப் பார்க்க வேண்டும். இயற்கையான கருமை ஓரத்தில் சிறிது சிறிதாக மங்கி மறையும்; பூசிய கருமை கோடு கிழித்தாற்போல முடியும். சாயமிட்டுச் சில நாளான மயிரின் அடி ஒரு நிறமும் நுனி ஒரு நிறமுமாக இருக்கும்.

நான்காவது, துணிச் சோதனை. வெள்ளைத் துணியில் தேங்காயெண்ணெய் தோய்த்து ஒருமுறையும், சவுக்கார நீர் தோய்த்து ஒருமுறையும் அழுத்தித் துடைக்க வேண்டும். கரியும் காவியும் துணியில் ஒட்டிக்கொள்ளும். துடைக்க மறுக்கும் விற்பனையாளர் கேளாமலே பதில் சொன்னவராகிறார்.

ஐந்தாவது, பல் பார்த்தல். இரண்டு பல் ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வயதிலும், எட்டுப் பல் ஏறக்குறைய ஐந்து வயதுக்குள்ளும் தோன்றும். பளபளக்கும் மயிர் வயதை மறைக்கலாம். தேய்ந்த பல் மறைக்காது.

ஆறாவது, அடுத்தடுத்து மூன்று வேளை கறந்து பார்த்தல். கறக்காமல் நிறுத்திவைத்த பால் முதல் வேளையில் கணக்கைக் கூட்டிக் காட்டும். அடுத்த வேளைகளில் உண்மை வெளிப்படும். உஷ்ணம் தாங்காத பசுவைக் கண்டுபிடிக்க நடுப்பகலிலும் ஒருமுறை சென்று, நிழலில் நிற்கும்போது அதன் மூச்சைக் கவனிக்க வேண்டும்.

ஏழாவது, காது வில்லை எண். தற்காலத்தில் கால்நடைகளுக்கு 12 இலக்க எண் கொண்ட வில்லை காதில் இடப்படுகிறது. கடன் பத்திரத்திலும் காப்பீட்டுப் பத்திரத்திலும் எழுதிய எண்ணும், காதிலுள்ள எண்ணும், தடுப்பூசிப் பதிவின் எண்ணும் ஒன்றாயிருக்க வேண்டும். பத்திரத்தில் மாட்டின் நிறமும் அடையாளமும் எழுதப்படுவதால், சாயம் பூசிய மாட்டின் அடையாளம் மூன்று மாதத்தில் பத்திரத்துக்கு மாறாகிவிடும். மாடு இறந்தால் காப்பீடு பெறுவதும் சிக்கலாகும். மனிதருக்குக் கைரேகை போல மாட்டுக்கு மூக்கு ரேகை உண்டென்பது 1922-லேயே அமெரிக்காவில் எழுதிக் காட்டப்பட்டது. அதைச் சாயத்தால் மாற்ற இயலாது.

8. கண்காட்சி நடத்தும் சங்கங்களுக்கு

கிராமத்தில் கண்காட்சியோ கிடாரிக் கன்றுகளுக்கான பரிசளிப்போ நடத்தும் சங்கங்கள் பின்வரும் நிபந்தனைகளை முன்கூட்டியே எழுதி ஒட்டுதல் நலம்:

மாடுகள் கழுவி, வாரி, குளம்பு சீர் செய்து கொண்டுவரப்பட வேண்டும்.

மயிருக்கும் தோலுக்கும் சாயம், கரி, வர்ணம், பசை எதுவும் கூடாது. கொம்புக்கு எண்ணெய் தடவலாம்.

கண்காட்சிக்கு முந்திய ஒரு மாதத்தில் உடல் முழுவதும் மயிர் கத்தரிக்கப்பட்ட மாடாயின், அதன் காரணத்தை உடையவர் தெரிவிக்க வேண்டும்.

நடுவர் எந்த மாட்டையும் ஈரத்துணியால் துடைத்துப் பார்க்கலாம். சாயம் கண்டால் அம்மாடு விலக்கப்படும்.

பழைய தழும்பும் முழங்கால் வெள்ளையும் உள்ள மாடு அவற்றினால் மட்டும் பரிசு இழக்காது. உழைத்த எருதுக்குத் தழும்பு இருப்பது இயல்பு. நடுவர் அதன் நடையைக் கண்டு தீர்ப்புச் சொல்வார்.

கடைசி நிபந்தனை மிகவும் முக்கியமானது. தழும்பைக் கண்டவுடன் மாட்டைத் தள்ளும் வழக்கம் உள்ளவரையில் தழும்பை மறைக்கும் வழக்கமும் இருந்துவரும். பரிசைத் தீனிக்கும், சுத்தத்துக்கும், நல்ல நடைக்கும் அளித்தால், மூன்று மாதம் மாட்டோடு உழைத்தவரே வெல்வார். முதல்நாள் இரவில் கரிச்சட்டியோடு தொழுவத்துக்குச் சென்றவர் வெல்லமாட்டார். அங்கத்தினர்கள் இந்நிபந்தனைகளை அடுத்த பொதுக் கூட்டத்தில் வாசித்து, தங்கள் ஊர் வழக்கத்துக்கு ஏற்றவாறு திருத்தித் தீர்மானம் செய்துகொள்வார்களாக. கடன் மனுக்களைப் பரிசீலிக்கும்போது மேற்கண்ட ஏழு சோதனைகளும் செய்யப்பட்டனவா என்று பஞ்சாயத்தார் ஒவ்வொரு மனுதாரரையும் கேட்டு எழுதிக்கொள்வதும் அவசியம்.